வீடு சேர்ந்த நேரம்

தெருவில் தண்ணீர் நின்றால் அவர் வண்டியை முனையிலேயே நிறுத்திவிடுவார். வைப்பரை ஒருமுறை வேகமாக ஓடவிடுவார். கண்ணாடி தெளிந்த அந்த ஒரு நொடியில் இரண்டு முழங்கைகளையும் ஸ்டீரிங்கில் ஊன்றிக்கொண்டு, போனை உயர்த்தி, எதிரே கிடக்கும் தெருவைப் படம் எடுப்பார். கிளிக் என்று சத்தம் கேட்கும். மறுபடி வைப்பர், மறுபடி கிளிக். பின்சீட்டில் அரைத்தூக்கத்தில் கிடந்த எங்கள் மூன்று பேருக்கும் அந்தச் சத்தம் பிடிக்காது. நடுராத்திரியில், ஆளில்லாத தெருவை, ஓர் ஆண் எதற்காகப் படம் எடுக்கிறான் என்று யோசிக்க ஆரம்பித்தால் தூக்கம் போய்விடும்.

சிறுசேரி ஐடி பூங்காவுக்குள் புதுப்புதுக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அங்கே ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. லண்டனில் யாருக்காவது துணி துவைக்கும் மெஷின் ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் புகார் எழுதுவார்கள். நான் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதுவேன். ஷிப்ட் ராத்திரி ஒரு மணிக்கு முடியும். அதற்குப் பிறகு கம்பெனி கேப். மேடவாக்கத்தில் ஒருத்தி இறங்குவாள், கேம்ப் ரோட்டில் இன்னொருத்தி, கடைசியாக நான். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு புது லேஅவுட்டில் அப்பா வீடு கட்டியிருந்தார். கடைசிப் பெண் இறங்கும்வரை ஒரு செக்யூரிட்டி கூட வரவேண்டும் என்பது விதி. மழை என்றால் அந்த செக்யூரிட்டிக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஆகவே மழை ராத்திரிகளில் கேம்ப் ரோட்டிலிருந்து என் வீடுவரை வண்டியில் நானும் அவரும் மட்டும்தான்.

நாங்கள் அவரை டிரைவர் அண்ணா என்றோம். அவர் எங்களை மேடம் என்றார். நாற்பது வயது இருக்கலாம். ஒல்லியான ஆள், கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்ட வெள்ளைச் சட்டை. கோவளத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு குப்பம். வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள், இவர் மட்டும் வண்டிக்கு வந்துவிட்டார். பால் பாக்கெட் கவரைக் கழுவிக் காயவைத்து அதற்குள்தான் போனை வைத்திருப்பார். கடலுக்குப் போகிறவர்கள் தீப்பெட்டியை அப்படித்தான் வைப்பார்களாம். “கடல நம்பலாம் மேடம். தண்ணினு தெரிஞ்சிதான எறங்கறோம். மழைல ரோடு கீதே, அது தண்ணியா தரையானு சொல்லவே சொல்லாது” என்று ஒருமுறை சொன்னார். மேடவாக்கத்துப் பெண் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. தலைக்குமேல் இருந்த சின்னக் கண்ணாடியில் அவர் கண்கள் எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராக எண்ணிவிட்டுப் பாதைக்குத் திரும்பின. அப்படி அடிக்கடி எண்ணுவார்.

எல்லா கேபிலும் டிரிப் ஷீட் என்று ஒரு தாள் உண்டு. மேலே வண்டி நம்பர், டிரைவர் பெயர். கீழே எங்கள் பெயர்கள், ஏறிய நேரம், வீடு சேர்ந்த நேரம், கையெழுத்து. மற்ற வண்டிகளில் ஏறும்போதே எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கிவிடலாம். ஒன்று ஐம்பதுக்கு வீடு சேர்ந்தேன் என்று ஒன்று ஐந்துக்கே எழுதிவிடுவோம். இதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. டிரைவருக்கும் வேலை மிச்சம், எங்களுக்கும் தூக்கம் மிச்சம். இவர் மட்டும் தாளைத் தரமாட்டார். அட்டையோடு தொடைக்கடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவார். சேர்ந்த பிறகு போடுங்க மேடம் என்பார். கெஞ்சினாலும் கோபித்துக்கொண்டாலும் அதே பதில்தான். ஒருநாள் கேம்ப் ரோட்டுப் பெண் அட்டையை உருவி முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவர் வண்டியை ஓரங்கட்டினார். அந்தத் தாளைக் கிழித்தார். உள்விளக்கைப் போட்டுக்கொண்டு புதுத் தாளில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினார். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு மனுஷன் வண்டியை நிறுத்துவானா என்று மறுநாள் கேன்டீனில் பேசிக்கொண்டோம்.

என் அப்பாவுக்குச் சர்க்கரை. இருட்டில் கண் சரியாகத் தெரியாது. ஆனாலும் நான் வருகிற நேரத்துக்கு கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு டார்ச்சோடு உட்கார்ந்திருப்பார். இவர் எங்கள் ரூட்டுக்கு வந்த முதல் வாரம் அப்பா வண்டிச் சத்தம் கேட்டுத் தெருமுனைவரை நடந்து வந்துவிட்டார். டிரைவர் அண்ணா இறங்கிப்போய் அவரிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசினார்.

“ஐயா, நீங்க வர வோணாம். நான் ரெண்டு தபா லைட் அடிப்பேன். அடிச்சா டார்ச்ச தூக்கிக் காட்டிட்டு அங்கியே நின்னுடுங்க. ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாது. பொண்ண நான் கொண்டாந்து வுட்றேன்.”

அப்பாவுக்கு அப்படி யாரும் உத்தரவு போட்டதில்லை. ஆச்சரியம், அவர் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து முனையில் ஹெட்லைட் இரண்டு முறை அணைந்து எரியும், தூரத்தில் டார்ச் உயரும். அப்பா கேட்டைத் திறந்து என் கையைப் பிடித்த பிறகுதான் அட்டையும் பேனாவும் ஜன்னல் வழியாக வெளியே வரும்.

மழைநாளில் அவர் ஓட்டுகிற விதம் இன்னும் வினோதம். தண்ணீர் நிற்கிற தெருவில் ஆள் நடக்கிற வேகத்தில்தான் வண்டி போகும். திடீரென்று காரணமே இல்லாமல் வலதுபக்கம் ஒடிப்பார். காம்பவுண்டுச் சுவரை உரசிவிடுவது போலப் போய் மறுபடி நேராவார். எதிரே நாய்கூட இருக்காது. குடித்திருக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். முன்னால் சாய்ந்து மோந்து பார்த்தேன். கிராம்பு வாசனை மட்டும் வந்தது. கிராம்பு எதை மறைக்க என்று என் புத்தி போயிற்று. என் புத்தி அப்படித்தான், வீட்டில் எனக்குப் புகார்ப் பெட்டி என்றே பெயர்.

ஐப்பசி கடைசியில் ஒரு ராத்திரி. சாயங்காலத்திலிருந்து மழை விடவில்லை. கேம்ப் ரோட்டுப் பெண்ணை இறக்கிவிட்டுத் தாம்பரம் தாண்டி எங்கள் பக்கம் வருவதற்குள் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தார். எங்கள் தெருமுனையிலும் எடுத்தார். அன்றைக்கு நான் தூங்கவில்லை. சத்தமில்லாமல் சீட்டின் நடுவுக்கு நகர்ந்து இரண்டு முன்சீட்டுகளுக்கும் இடையே பார்த்தேன். போனில் அப்போது எடுத்த படம் தெரிந்தது. ஒரே இருட்டு, நடுவில் ஒரு தெருவிளக்கு தண்ணீரில் நீளமாகக் கரைந்துகொண்டிருந்தது. அவர் ஒரு பட்டனை அழுத்தினார். போன் வெளிச்சமாகிவிட்டது. நல்ல வெயில். அதே தெரு. எங்கள் வீட்டு நீல கேட். மாடிக் கொடியில் என் மஞ்சள் சுடிதார் காய்ந்துகொண்டிருந்தது.

அந்தச் சுடிதாரை நான் அந்த வாரம்தான் துவைத்திருந்தேன். அப்படியென்றால் நான் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒரு பகலில் இந்த ஆள் வந்து எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்றிருக்கிறான். அவர் பட்டனை அழுத்தினார், இருட்டு. மறுபடி அழுத்தினார், வெயில். என் வீட்டின் ராத்திரியையும் பகலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

என்ன அண்ணா அது என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல மேடம். உங்க தெரு” என்று சொல்லிவிட்டு போனைக் கவருக்குள் வைத்தார். ஹெட்லைட்டை இரண்டு முறை அணைத்து எரித்தார். அப்பாவின் டார்ச் உயர்ந்தது.

அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே வேலையை விடச் சொல்லியிருப்பார். விடியும்வரை தூங்காமல் கிடந்து, ஆபீஸ் போனதும் மெயில் எழுதினேன். எந்தச் சொல்லைப் போட்டால் எதிர்முனையில் இருக்கிறவன் நிமிர்ந்து உட்காருவான் என்று கம்பெனியே எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அந்தச் சொற்கள் எல்லாவற்றையும் போட்டேன். அரைமணி நேரத்தில் டிரான்ஸ்போர்ட் ஆபீசில் கூப்பிட்டார்கள்.

அங்கே சூப்பர்வைசரின் மேஜைக்கு முன்னால் அவர் நின்றிருந்தார். போன் மேஜைமேல் இருந்தது, கவர் இல்லாமல். சூப்பர்வைசர் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினார். மேடவாக்கம், கேம்ப் ரோடு, எங்கள் தெரு. ஒவ்வொரு தெருவும் இரண்டு முறை, வெயிலில் ஒன்று, மழையில் ஒன்று. ஒரு படத்திலும் ஒரு மனிதர்கூட இல்லை. அதை அப்போதே கவனித்தேன். கவனித்ததோடு சரி, அதைப்பற்றி யோசிக்கவில்லை.

எதற்காக எடுத்தாய் என்று சூப்பர்வைசர் கேட்டார். “தெருவத்தான் சார் எடுத்தேன்” என்றார். தெருவை எதற்கு என்று கேட்டதற்கு, “மழ வருதுல்ல சார்” என்றார். பதிலைப் பாருங்க மேடம் என்பதுபோல சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் என் கண்ணெதிரே அழிக்கவேண்டும் என்றேன். டிரைவர் அண்ணாவே அழித்தார். கட்டைவிரலால் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். நாற்பது ஐம்பது படம் இருக்கும். எங்கள் தெருவின் வெயில் படத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

“மேடம், மத்ததெல்லாம் அழிச்சிட்டேன். இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும். மழைக்காலம் முடிஞ்சதும் நானே அழிச்சிர்றேன்.”

அதைத்தான் முதலில் அழிக்கச் சொல்லுங்கள் சார் என்று கத்தினேன். அழித்தார். அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “முனைல எறங்காதீங்க மேடம்” என்றார். அதை மிரட்டல் என்று நினைத்தேன். சாயங்காலம் இரண்டாவது மெயில் எழுதி அதையும் சேர்த்தேன்.

புது டிரைவர் சின்ன வயசுக்காரன், கலகலப்பானவன். வண்டியில் ஏறும்போதே அட்டையை நீட்டிவிடுவான். பாட்டு வைப்பான். மூன்று வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கார்த்திகையில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. சிறுசேரியிலேயே தாளில் ஒன்று ஐம்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மழையில் வண்டி ஊர்ந்தது. மற்ற இருவரும் இறங்கி நான் மட்டும் இருந்தபோது மணி இரண்டு தாண்டிவிட்டது. பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, பழைய டிரைவர் இப்போது எங்கே ஓட்டுகிறார் என்று கேட்டேன். தெரியாது என்றான்.

“அவரு ஒரு மாரி ஆளு மேடம். முன்ன வேற கம்பெனில ஓட்டிகினு இருந்தாரு, வேளச்சேரி பக்கம். இதே மாரி மழ. தெருவுல தண்ணி. பின்னாடி இருந்த பொண்ணே, அண்ணா இங்கியே எறங்கிக்கறேன்னு முனைல எறங்கிடுச்சாம். வூட்டுக்குப் போய்ச் சேரல. காலைல போலீசு இவர இட்டுனு போயி, எங்கடா எறக்கிவுட்டனு கேட்டா, இவருக்கு எடத்த காட்டத் தெரில. தண்ணி வடிஞ்சி தெருவே வேற மாரி கீதாம். ரெண்டு நாள் கழிச்சி கால்வாய்ல கெடச்சிது.”

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“அப்பறம் இன்னா? ஷீட்டுல அந்தப் பொண்ணு கையெழுத்து கீதே. ஒண்ணு நாப்பதுக்கு வூடு சேந்துட்டேன்னு ஏறக்கொள்ளவே போட்டுட்ருக்கு. அந்தத் தாள வச்சி இவர வுட்டுட்டாங்க. அன்னைலேந்து யார எங்க எறக்கிவுட்டாலும் ஒரு போட்டோ எடுத்துப்பாரு. இன்னொரு தபா எவனாவது எங்க எறக்குனனு கேட்டா காட்டணுமாம்.”

பேசிக்கொண்டே வந்ததில் எங்கள் தெருமுனை வந்துவிட்டது. உள்ளே முழுக்கத் தண்ணீர், இறக்கினால் இஞ்சின் போய்விடும், எட்டாவது வீடுதானே, இங்கேயே இறங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டான். சரி என்று இறங்கிவிட்டேன். கதையைச் சொன்ன அவனுக்கும் உறைக்கவில்லை, கேட்ட எனக்கும் உறைக்கவில்லை. வண்டி பின்னால் போய்த் திரும்பி, சிவப்பு விளக்கு மறைந்தது. கரண்டும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது.

தீபாவளிக்கு முன்பு எங்கள் தெருவில் வடிகால் தோண்டியிருந்தார்கள். மேலே சிமெண்ட் பலகை போட்டு மூடிவிட்டு, ஓர் இடத்தை மட்டும் ஏதோ இணைப்புக்காகத் திறந்தே விட்டிருந்தார்கள். ஒரு ஆள் ஆழம் இருக்கும். குறுக்கே யாரோ ஒரு மரப்பலகையைப் போட்டு வைத்திருந்தார்கள். தினமும் மதியம் வேலைக்குக் கிளம்பும்போது பார்க்கிற பள்ளம்தான். ஆனால் அது ஐந்தாவது வீட்டுக்கு முன்னாலா, ஆறாவது வீட்டுக்கு முன்னாலா? தெருவிளக்குக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? தோண்டிய மண்ணும் மழையும் கலந்து தெரு முழுக்க ஒரே கறுப்பாகக் கிடந்தது. மூன்று வருஷம் குடியிருந்த தெரு, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்போது தூரத்தில் டார்ச் வெளிச்சம் ஆடியது. அப்பா கேட்டைத் திறந்துகொண்டு என்னைக் கூட்டிப்போக வந்துகொண்டிருந்தார். புது டிரைவர் லைட் அடிப்பதில்லை. அதனால் மூன்று வாரமாகவே அப்பா பழையபடி நடந்து வர ஆரம்பித்திருந்தார். வராதீங்க என்று கத்தினேன். மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. டார்ச் வெளிச்சம் தண்ணீரின் மேலே மட்டும் விழுந்து, தரை மாதிரி பளபளத்தது. அவர் அதை நம்பி நடந்து வந்தார். இரண்டு வீடு தாண்டிவிட்டார்.

என்னுடைய போன் மலிவான போன். கேமரா கிடையாது, உச்சியில் சின்ன டார்ச் மட்டும் உண்டு. அதைத் தலைக்குமேல் தூக்கி எரித்தேன். அணைத்தேன். மறுபடி எரித்து அணைத்தேன்.

அப்பா நின்றுவிட்டார். நின்ற இடத்திலேயே டார்ச்சைத் தூக்கிக் காட்டினார். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

மூடியிருந்த மளிகைக்கடையின் தகரக் கூரைக்கடியில் நான் நின்றேன். அப்பா முழங்கால் தண்ணீரில், கைக்கு எட்டிய ஒரு காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுவில் நாலு வீட்டுத் தூரம். கால் கடுக்கும்போதோ பொறுமை போகும்போதோ அவருடைய டார்ச் கொஞ்சம் அசையும், உடனே நான் இரண்டு முறை விளக்கை அடிப்பேன், அவர் நிற்பார். அப்பாவிடம் போன் இல்லை, கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை. என் போனில் சார்ஜ் ஒரு கோடுதான் இருந்தது. டிரிப் ஷீட்டின்படி நான் ஒன்று ஐம்பதுக்கே வீடு சேர்ந்தவள். நான் எங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் ஒருத்தரும் தேடமாட்டார்கள்.

விடிந்தபோது தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. மரப்பலகை எங்கோ மிதந்துபோய்ச் சுவரோரம் கிடந்தது. பள்ளத்தின் வாயில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன, அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் மெதுவாகச் சுழன்றது. அது அப்பாவின் காலுக்கு முன்னால் இருந்தது. இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் போதும். சுவரை ஒட்டி, வலதுபக்கமாக, டிரைவர் அண்ணா காரணமில்லாமல் வண்டியை ஒடிப்பாரே அந்த வழியாகத்தான் நான் போய் அப்பாவின் கையைப் பிடித்தேன்.

அந்த வெயில் படத்தில் நான் பார்த்தது என் சுடிதாரை மட்டும். அதற்குக் கீழே முக்கால் படம் தெருதான் இருந்தது. அதில் அந்தப் பள்ளமும் இருந்திருக்கும். அதற்காகத்தான் ஒரு மனுஷன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பட்டப்பகலில் வந்து நின்றிருக்கிறார். டிரான்ஸ்போர்ட் ஆபீசில் அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றும் புரிந்தது. திறந்தால் வேளச்சேரிப் பெண்ணைச் சொல்லவேண்டும். சொன்னால் யார் அவரை நம்பிப் பெண்களை ஏற்றிவிடுவார்கள்?

மூன்று நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு நேராக சூப்பர்வைசரிடம் போனேன். பழைய டிரைவரைத் திரும்பக் கூப்பிடவேண்டும், என் மெயில் தப்பு, எழுதித் தருகிறேன் என்றேன். சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். அந்த வண்டி வேறொருவர் காண்டிராக்டில் ஓடியது, அந்தக் காண்டிராக்டர் இப்போது இங்கே இல்லை, டிரைவரின் அட்டையும் ரெக்கார்டும் அவரோடு போய்விட்டன, டிரைவர்கள் வருவார்கள் போவார்கள் என்றார். பழைய டிரிப் ஷீட்டுகளைக் கேட்டேன். மாதம் முடிந்ததும் எடைக்குப் போட்டுவிடுவோம் என்றார்.

“உங்க மெயில்லயும் பேர் இல்லையே மேடம். பேர் சொல்லுங்க, வெளில விசாரிச்சுப் பாக்கறேன்” என்று பேனாவைத் திறந்தார்.

டிரைவர் அண்ணா என்றேன். அவர் எழுதாமல் காத்திருந்தார். எட்டு மாதம், ஒவ்வொரு ராத்திரியும், என் கையெழுத்துக்கு நாலு வரி மேலே அந்தப் பெயரை அவரே தன் கையால் எழுதி ஜன்னல் வழியாக நீட்டியிருந்தார். ஒருநாள்கூட நான் அதைப் படித்ததில்லை.